லைட்டு அடுப்பும் மூன்று கைகளும்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மீசை முளைத்த நாளிலிருந்து கடலுக்குப் போகிறவன் நான். ஆனால் கேஸ் அடுப்பு பற்றவைக்க எனக்குப் பயம்.

லைட்டரைத் தட்டியதும் ‘குப்’பென்று எழும்புமே அந்த நீலத் தீ... அலை படகைத் தூக்கிப் போட்டாலும் அசராதவன், அதைக் கண்டால் வாசலுக்குப் போய்விடுவேன். தரங்கம்பாடியில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். தெரியாதவர்களுக்கு என் மச்சினன் முருகேசன் வீடு தேடிப் போய்ச் சொல்லிவிடுவான்.

அந்த வருஷம் மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள் என் மனைவி செல்வி. வலது கையில் மாவுக்கட்டு.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மகள் கவிதா தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் அஞ்சாங்கிளாஸோடு சரி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

“கடைச் சாப்பாடு எத்தனை நாளைக்கும்மா? நான் வந்து சமைக்கிறேன். பரீட்சைய அப்புறம் எழுதிக்கலாம்” என்றாள் போனில் அம்மாவிடம்.

செல்விக்கு முகம் சுருங்கிவிட்டது. “அவ வந்துட்டா திரும்பப் போவவே மாட்டா. எனக்குத் தெரியும் அவள” என்றாள் என்னிடம், மெதுவாக.

நான் போனை வாங்கினேன். “ஞாயித்துக்கெழம வந்து பாரு. அப்பா சமைச்சு வச்சிருப்பேன். நல்லா இல்லன்னா நீ இங்கயே இரு.” அந்த ஞாயிறு அவள் பிறந்தநாள் வேறு. “கேக்கும் உண்டு” என்று சேர்த்துச் சொன்னது என் வாய்க்கொழுப்பு.

தீக்குப் பயந்தவனுக்கு வழி பரண்மேல் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து என் அக்கா அனுப்பிய ஹாலஜன் ஓவன், லைட்டுச் சூட்டிலேயே வேகவைக்கிற அடுப்பு. பெரிய கண்ணாடிச் சட்டி, அதற்கு லைட்டும் காற்றாடியும் வைத்த மூடி. அவ்வளவுதான், தீயே கிடையாது! மூடியைப் பரணில் போட்டுவிட்டு, சட்டியில் இட்லிக்கு அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தாள் செல்வி.

சுவிட்சைப் போட்டதும் சட்டி முழுக்க ஆரஞ்சு வெளிச்சம்... தூரத்துப் படகு எஞ்சின் மாதிரி ஒரு சத்தம்.

முருகேசன் எட்டிப் பார்த்தான். “மாமா, கடல்ல லைட்டு காட்டுனா கணவா மீனு வரும். இங்க லைட்டு காட்டுனா சோறு வருமா?”

“வரும். உனக்கு மட்டும் வராது. போடா.”

முதலில் சங்கரா மீனுக்கு மசாலா தடவி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் அணைந்தது.

“கரண்டு போச்சு புள்ள” என்று மூடியைத் தூக்கினேன்.

“மேல ஃபேன் சுத்துதே, அது என்ன கடல்காத்துலயா சுத்துது?” என்றாள் செல்வி.

மூடினேன், எரிந்தது. அணைந்தது, தூக்கினேன்... மீன் பச்சையாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கவிதாதான் போனில் சொன்னாள். “சூடு போதும்னா அதுவே அணையும்ப்பா, கொறஞ்சா அதுவே எரியும். நீ தொறந்து தொறந்து பாக்காத!”

இன்னொரு தொல்லை. மூடியின் கைப்பிடியை அழுத்திப் படுக்கவைத்தால்தான் அது வேலை செய்யும். எங்களுடையது லொடலொட, தானாக எழுந்துகொள்ளும். படகில் எதையும் கட்டாமல் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. வெள்ளை நூல் கயிறு எடுத்து, கைப்பிடியை அடியில் இருந்த தாங்கியோடு சேர்த்து, நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டேன்.

“அடுப்பு எங்கங்க ஓடப்போவுது?” என்றாள்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து அப்போது மூன்று கை. இடது கையால் அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வாள், நான் முட்டை அடிப்பேன். “மெதுவாங்க... அது முட்ட, சுறா இல்ல.” மைதா என் மீசையில் இருக்கும். அவள் மாவுக்கட்டிலும் இருக்கும், அங்கே இருப்பது மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கவிதா பெரிய பையோடு இறங்கினாள். தூக்கிப் பார்த்தேன். முழுக்கத் துணி. புத்தகம் ஒன்றுகூட இல்லை.

மீன் வைத்தேன். ஒன்றைத் தின்றாள். கேட்காமலே இன்னொன்றை எடுத்தாள். சோற்றுக்குக் கரண்ட் குக்கர் கைகொடுத்தது.

அப்புறம் கேக். சுவிட்சை அணைக்கத் தோன்றாமல் முடிச்சோடு மல்லுக்கட்டினேன், அவிழ்ப்பதற்குள் மேலே கறுத்துவிட்டது. உள்ளே அலை நனைத்த மணல் மாதிரி சொதசொதவென்று...

ஸ்பூனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். செல்வி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்க கடையில வாங்கிக்கலாம்ப்பா” என்றாள் கவிதா. “ஆனா மீனு அம்மா செய்யறதவிட நல்லாருக்கு.”

“கட்டுப் போட்ட கைதானேன்னு பேசுறியா? இன்னொண்ணு சும்மாத்தான்டி இருக்கு!” என்று இடது கையை ஓங்கினாள் செல்வி. விழுந்த பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கவிதா பையைப் பிரிக்கவே இல்லை. மாலை பஸ்ஸில் போய்விட்டாள். “பாபநாசம் தாண்டிட்டேன்ப்பா, இந்தா தஞ்சாவூரு வந்துரும். போய்ப் படிக்கணும்” என்று போன் வந்த பிறகுதான் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.

இப்போது அவள் தஞ்சாவூரிலேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி விட்டால் வருவாள். செல்விக்குக் கை சரியாகிவிட்டது. லைட்டு அடுப்பில் தேங்காய் பிஸ்கட் போட்டு அசத்துகிறாள், என்னைக் கிட்டே விடுவதில்லை. வீட்டில் கை நான்கு இருக்கிறது. இரண்டில் செல்போன். ஒன்றுக்கு ஒன்று தேவைப்படுவது குறைந்துவிட்டது... மூன்று இருந்தபோது அப்படியில்லை.

இன்றைக்குக் கவிதா வந்திருக்கிறாள். கேக் நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். பழையபடியே கைப்பிடியில் கயிறு கட்டினேன். வெந்ததும் செல்வி பிளக்கைப் பிடுங்கினாள். முடிச்சு அவிழவில்லை. கத்தியை எடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை. கயிறும் வெள்ளை, வயரும் வெள்ளை.

அறுந்தது வயர்.

கத்தியைச் செல்வி வாங்கி வைத்துக்கொண்டாள். கயிறு இறுக்கமாகவே இருக்கிறது, மூடியைத் திறக்க முடியவில்லை. கேக் இந்தத் தடவை நன்றாக உப்பி வந்திருக்கிறது. கண்ணாடிச் சட்டி வழியாகத் தெரிகிறது.