அப்பாவின் பெயரைக் கத்திய மைதானம்

இதில் அப்பாவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு மைதானமே சேர்ந்து அதைக் கத்தித் தீர்த்தது. அது போதும்.

நாங்கள் குடியேறிய நகரத்தின் நடுவே ஒரு மலை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மலைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் ஆங்கிலப் பல்கலைக்கழகம். ஆங்கிலக்காரர் நூறு வருடத்துக்கு மேலாக ஃபுட்போல் ஆடுகிறார்கள். தலைக்கவசம் மாட்டி, பந்தைக் கக்கத்தில் இடுக்கி, ஆளை ஆள் மோதி விழுத்துகிற இந்த நாட்டு ஃபுட்போல். பிரெஞ்சுக்காரர் இடையில் அணியைக் கலைத்துவிட்டு எத்தனையோ வருடம் சும்மா இருந்தார்கள். நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோதுதான் மறுபடி அணி கூட்டினார்கள். வந்ததும் வராததுமாகப் பழையவர்களைத் தோற்கடிக்கவும் தொடங்கினார்கள். அவ்வளவுதான், தலைமுறை தலைமுறையாக வந்த பகை மாதிரி இரண்டு பக்கமும் பல்லை நறநறவென்று கடித்தார்கள். பார்க்கப்போனால் அந்தப் புதுப் பகைக்கு என் வயதுகூட இல்லை.

சரி, அது அவர்களுடைய மொழிச் சண்டை. எங்களுக்கு என்ன வந்தது? மொழியின் பேரால் அடிபட்டு ஊரை விட்டு ஓடி வந்த சனம் நாங்கள். இங்கே வந்து அடுத்தவனின் மொழிச் சண்டையில் கட்சி பிரிந்து நின்றோமே, அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! அண்ணா ஆங்கிலப் பல்கலைக்கழகம். பக்கத்துப் பகுதியான வில்லரேயில் இருந்த மாமி அப்பாவின் சொந்தத் தங்கை. அவருடைய மகன், என் மச்சான், பிரெஞ்சுப் பல்கலைக்கழகம். அண்ணாவுக்குச் சிவப்பு, மச்சானுக்கு நீலம். பிறந்தநாள் கேக் வெட்டும் இடத்தில்கூட இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டாமல் இருந்ததில்லை.

அண்ணா வெறும் ரசிகர் இல்லை. சின்ன வயதிலிருந்து பூங்காவில் பந்து உதைத்துப் பழகிய காலை வைத்துக்கொண்டு அணியிலேயே இடம் பிடித்திருந்தார். ஆட்டம் முழுக்க ஓரமாக நிற்பார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் கூப்பிடுவார்கள். ஓடி வருவார், உதைப்பார், போவார்.

அவருடைய சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்தது அப்பாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? குடிவரவுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அப்பா தன் பெயரையே எங்கள் எல்லோருக்கும் அதில் எழுதிவிட்டார். அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. மருந்துக் கடையில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் அப்பாவின் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டுவார். அந்த மரியாதையில் வளர்ந்த பிள்ளை நான்.

எனக்குப் பத்து வயதான வருடம், பிரெஞ்சுக்காரரின் மைதானத்தில் ஆட்டம். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் அப்பாவுக்குச் சனிக்கிழமைதான் முதுகு முறிகிற வேலை. மூன்று வருடமாக அண்ணாவின் ஒரு ஆட்டத்துக்கும் வராதவர் அன்று லீவு கேட்டு வந்திருந்தார். அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்து வந்திருந்தார்.

கடைசி நிமிடம். அண்ணாவின் அணி இரண்டு புள்ளி பின்னால். உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. அண்ணா மைதானத்துக்குள் வந்து நின்றார்.

அப்போதுதான் எதிர்ப்பக்க நீலக் கூட்டம் தொடங்கியது. தாளம் போட்டு, இழுத்து இழுத்து, அப்பாவின் பெயரைக் கத்தினார்கள். உதைப்பவனைக் குழப்ப இப்படிக் கத்துவது இங்கே வழக்கமாம். நல்ல வழக்கம்! கொஞ்ச நேரத்தில் சுற்றிவர எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் சிரிப்பு வேறு.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இஞ்சேருங்கோ, உவங்கள் உங்களையெல்லே கூப்பிடுறாங்கள்!"

நான் உட்கார்ந்திருந்த வாங்கின் மேல் ஏறி நின்று தேடினேன். ஒரு எழுத்துப் பிசகாமல் கத்துகிறார்களே, யாரோ சொல்லிக் கொடுக்காமல் இந்த நாக்குகளுக்கு அது வருமா? கண்டுபிடித்துவிட்டேன். கூட்டத்துக்கு முன்னால், முகமெல்லாம் நீலச் சாயம் பூசி, ஒரு சட்டியில் அடித்துத் தாளம் கொடுத்துக்கொண்டிருந்தது என் மச்சான். பெற்ற தாயின் கூடப்பிறந்த அண்ணனின் பெயரை ஊரைக் கூட்டிக் கத்த வைக்கிறான்! கையில் ஏதாவது கிடைத்திருந்தால் எறிந்திருப்பேன்.

அண்ணா உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. இந்த நாட்டு ஆட்டத்தில் தவறி எல்லை தாண்டிப் போகும் உதைக்கும் ஒரு புள்ளி உண்டு. அதனால் இரண்டு புள்ளித் தோல்வி ஒரு புள்ளித் தோல்வியானது. பெரிய ஆறுதல்!

பின்னேரம் வீட்டுக்கு வந்த அண்ணா சாப்பிடவில்லை. "எல்லா இடத்திலையும் கத்துறவங்கள்தான். பிழைபிழையாச் சொல்லுவாங்கள், வேற ஆரின்ரையோ பேர் மாதிரிக் கேக்கும், நான் கவனிக்கிறேல்லை. இண்டைக்கு ஆரோ அப்பாவைக் கூப்பிடுற மாதிரியே இருந்தது. திரும்பிப் பாத்திட்டன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா நேரே போய் மாமிக்கு ஃபோன் எடுத்தார்.

அரை மணித்தியாலத்தில் மாமி மகனைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவனுடைய காது மடலில் இன்னும் நீலம் இருந்தது.

"கேளடா மன்னிப்பு! என்ர அண்ணையின்ர பேர் உனக்குக் கத்துறதுக்கோ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மாமா. மச்சானைக் குழப்பத்தான் செய்தனான். உங்களை நினைக்கவே இல்லை."

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறையப் போகிறார். அறைய வேண்டும். ஆகக் குறைந்தது, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றாவது சொல்ல வேண்டும்.

அப்பா கேட்டார்: "எத்தினை பேர் இருந்திருப்பினம் அங்க?"

மச்சான் விழித்தான். "மூவாயிரம், நாலாயிரம் வரும், மாமா."

"ஒருத்தரும் பிழையாச் சொல்லேல்லை, என்ன?"

"இல்லை மாமா. ரெண்டு நாளாப் பழக்கினனான்."

"ம்" என்றார் அப்பா. பிறகு அம்மாவைப் பார்த்து, "பிள்ளைக்குத் தேத்தண்ணி குடும்" என்றார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பேதான்.

எனக்கு வந்த ஆத்திரம்! மானம் ரோசம் இல்லாத மனுஷன் என்று மனதுக்குள் அப்பாவைத் திட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

சந்தையில் அப்பா வேலை செய்த கடையில் அவருக்குப் பெயர் ஜோ. நீளமான பெயர் வாயில் நுழையவில்லை என்று முதலாளி முதல் நாளே வைத்தது. பதினொரு வருடம் அங்கே எல்லோரும் அவரை ஜோ என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போகும்போது நானும் கேட்டிருக்கிறேன். அதற்காக நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.