ஆறாவது பெயருக்குக் குரல் கொடுத்தவள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பிரேமினியிடம் போய்ச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவில் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து வாட்டும் மாடியில் கல்லூரி நாடக ஒத்திகை. தென் அமெரிக்க விடுதலைப் போரில், பாவாடை மடிப்பில் கடிதம் கடத்திய ஆறு பெண்களை ஸ்பானியப் படை உப்புக் கிடங்கில் அடைத்த கதை. நாடகத்துக்குக் காசில்லை, கிடங்குக்குக் குறைவில்லை. கைதிகளின் பெயர் இடாப்பு மட்டும் நிஜம், பழைய புத்தகமொன்றிலிருந்து எடுத்த நகல். அடியில் ஸ்பானிய மொழியில் ஒரு குறிப்பு. யாருக்கும் புரியவில்லை.

மாலை 4.10. அதிகாரி வேஷத்தில் யோகேஸ்வரன் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டான். ஐந்து பெண்கள் குரல் கொடுத்தார்கள்.

“இனேஸ்.”

அது ஜீவராணியின் வேஷம். பஸ் இன்னும் வரவில்லை. பிந்தினால் வேஷம் போய்விடும். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பிரேமினி தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஒருத்தி பிந்தினால் பக்கத்தில் நிற்பவள்தான் அவளுக்காகக் குரல் கொடுப்பாள்.

“இருக்கேங்க.”

யோகேஸ்வரன் தலைநிமிராமல் சரி போட்டான்.

4.20. எல்லோரும் தேநீருக்கு இறங்கினார்கள். பிரேமினி மட்டும் உடுப்புகளோடு.

4.31. பின் மூலையில் காலடி. வெறுங்கால்கள்... ஐந்து பேர். யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளை உரசிக்கொண்டு போனார்கள். உப்பு வாடை.

கதவு திறந்தது. மூடியது.

தள்ளினாள். அசையவில்லை.

போனை எடுத்துத் தொழிற்சாலைக் காவல்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணே, கதவத் தெறங்க.”

“அதுல தாழ்ப்பாளே இல்லையே புள்ள.”

4.40. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

“இனேஸ்.”

வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இனேஸ்...”

இன்னும் பக்கத்தில்.

4.52. ஜீவராணி ஒரு விரலால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“என்னடி வேர்த்துக் கெடக்க? ஆமா, நம்ம நாடகத்துல புதுசா ஆள் எடுத்தீங்களா? வளைவுல அஞ்சு பேரு வெறுங்காலோட எறங்கிப் போனாங்க. பாவாடையெல்லாம் உப்புப் பூத்து. ஒருத்தி அழுதுகிட்டே சிரிச்சா.”

மறுவாரம் ஒரு விரிவுரையாளர் அந்தக் குறிப்பை வாசித்துச் சொன்னார்.

‘ஆறாவது பெண் தப்பிவிட்டாள். அவள் குரல் கொடுக்கும்வரை மற்ற ஐவரையும் விடாதே. கொடுத்ததும் ஐவரையும் விடு. அவளை அடைத்து வை.’

பிரேமினி வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் 4.10க்கு யாரோ ‘இனேஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். அவள் வீட்டுக் கதவுக்கும் இப்போது தாழ்ப்பாள் கிடையாது; அவள்தான் கழற்றச் சொன்னாள்.

ஆனாலும் 4.10க்குப் பிறகு, அந்தக் கதவு உள்ளிருந்து திறப்பதில்லை.