சித்தி பார்த்த தேய்மானம்

இந்தப் பிரபஞ்சத்தைப் படைத்தவர், வேலையைத் தொடங்கும் முன்னால் என் சித்தியிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டிருக்க மாட்டார். "யாருக்காகச் செய்யறீங்க? அவங்க எப்படி நடப்பாங்க?" என்று சித்தி முதலில் கேட்டிருப்பாள். விண்வெளியில் ராஜ்ஜியம் நடத்துகிற கேம்களில் யாருக்கு எது பொருந்தும் என்று சொல்ல, பால்வீதி முழுக்கத் தேடினாலும் அவளைப் போல் இன்னொருத்தி கிடையாது. மற்ற வீதிகளில் நான் விசாரிக்கவில்லை.

இத்தனைக்கும் சித்திக்கு விளையாடத் தெரியாது. மௌஸை, அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி விரல் நுனியால் பிடிப்பாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அவளுடைய கேம் சென்டர். ஒன்பது கம்ப்யூட்டர்கள். நாலாவதன் கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துபோயிற்று. ஏழாவதன் நாற்காலி, உட்கார்ந்தால் பெருமூச்சு விடும். சுவர்ப் படங்களில் கப்பல்கள் வெடித்துக்கொண்டிருக்க, நடுவில் சித்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள்.

இதற்கு முன்னால் பதினோரு வருடம் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். புதுச் செருப்பு கேட்டு வருகிறவரின் பழைய செருப்பை முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் சாய்ந்து நடக்கிறவர், முன்பக்கம் தேய்ந்திருந்தால் பறக்கிறவர். வாய் ஆயிரம் சொல்லும், அடித்தோல் பொய் சொல்லாது. இங்கேயும் அதேதான். "நல்ல ஸ்பேஸ் கேம் ஒண்ணு குடுங்க" என்று யார் வந்தாலும், "முன்னாடி விளையாடி சேவ் பண்ணினதைத் திறங்க, தேய்மானம் பார்க்கணும்" என்பாள்.

பல் டாக்டர் ஒருத்தர் வந்தார். "அமைதியா ஏதாவது இருந்தா நல்லாருக்கும்மா, நாளெல்லாம் ஒரே டென்ஷன்." சித்தி அவருடைய பழைய ஆட்டத்தைத் திறந்தாள். வியாபாரம் பண்ண வேண்டிய ஆட்டம் அது. மனுஷன் பதினோரு இடத்தில் வலியப் போய்ப் பக்கத்துக் கிரகத்தைக் கிள்ளியிருந்தார்.

"டாக்டர், உங்களுக்கு அமைதி ஆகாது. பொழுது விடிஞ்சதுலேர்ந்து வலிக்காது வலிக்காதுன்னு சொல்லியே களைச்சுப்போறீங்க. உங்களுக்கு யாருக்காவது வலிக்கணும்."

அவருக்குக் கொடுத்தது 'சண்டைக்காரி'. பெட்டியின் மேல் வேறு பெயர் இருக்கும். அதெல்லாம் சித்தியின் வாயில் நுழையாது, அவளே பெயர் வைத்துவிடுவாள். இப்போது டாக்டர் வாரம் மூன்று நாள் வந்து நாலு சூரியனை ஊதி அணைத்துவிட்டு, சிரித்த முகமாக வீட்டுக்குப் போகிறார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவின் தேய்மானம் வேறு. எந்த ஆட்டத்தை எடுத்தாலும் போர் தொடங்குவதற்கு முந்தின நாளோடு நின்றிருக்கும். சித்தி ஒன்றுமே கேட்கவில்லை. யாரும் சாகாத 'கட்டடக்காரன்' ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். அக்கா அதில் பதினாறு நிலவுகளுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துவிட்டாள்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். சித்தி விழுந்த பானை, சித்தப்பா.

சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக் கண்டெய்னர் தூக்குகிற வேலை. பத்தொன்பது வருடம் குனிந்தே இருந்ததில் கழுத்து நரம்பு நசுங்கிவிட்டது. இனிமேல் உயரம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதமாக வீட்டில் ஒரு 'ம்', ஒரு 'ம்ஹூம்'. மற்ற எழுத்துகளையெல்லாம் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

அப்போதுதான் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. தரையிலேயே ஓர் அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கிரேனை இயக்குகிற வேலை. பயிற்சி கொடுப்பார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு.

"படத்தைப் பார்த்துப் பெட்டி தூக்கறதா? நமக்கு வராது" என்றார் சித்தப்பா. அந்த மாதத்திலேயே அவர் பேசின நீளமான வாக்கியம் அது.

சித்தி வாதாடவில்லை. மறுநாளே அவரைச் சென்டருக்குக் கூட்டிவந்து, திரை சுவரைப் பார்த்திருக்கும் ஒன்பதாவது கம்ப்யூட்டரில் உட்காரவைத்தாள். "விரல் திரைக்குப் பழகிட்டா மனசு பின்னாடியே வந்துடும்" என்று என் அம்மாவிடம் சொன்னாள். சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் விண்வெளி நிலையத்தை நிர்வாகம் பண்ணுகிற ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள். அவள் வைத்த பெயர் 'கணக்குப்பிள்ளை'. எப்படி விளையாடுகிறார் என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. அதுவும் செருப்புக் கடைச் சட்டம்: "போட்டுப் பார்க்கிறவன் எதிர்ல நின்னு முறைச்சா அவனுக்குக் கால் கூசும்." சாயங்காலம் அவர் எழுந்து போனபிறகு திறந்து பார்ப்பாள். ஒரு வாரம் பார்த்தாள். பூஜ்யம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். சித்தி என்னை 'வாலு' என்பாள். டாக்டரின் மௌஸுக்கு அடியில் டேப் ஒட்டினது நான்தான். மதியம் இரண்டு மணி நேரம் சென்டரைப் பூட்டிவிட்டுச் சித்தி சித்தப்பாவைக் கழுத்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போவாள். சாவி என்னிடம் இருக்கும், தூசி தட்டி வைக்க.

எட்டாம் நாள் மதியம் நான் ஒன்பதாவதில் உட்கார்ந்து, சித்தப்பாவின் பெயரில் விளையாடினேன். பூஜ்யத்தைப் பார்க்கிறபோது சித்தியின் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். போரடித்தது, அவ்வளவுதான். ஆட்டத்தைச் சீக்கிரம் ஓடவிட்டால் இரண்டு மணி நேரத்தில் நாலு மணி நேர ஆட்டம் ஆடிவிடலாம். ஆடினேன். வந்த சரக்கைப் பக்கத்து நிலையத்தின் தலையில் எறிந்தேன். சேவ் பண்ணும்போது அந்த ஆட்டத்துக்கு 'அழுகின தக்காளி' என்று பெயர் வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தி திறந்து பார்த்தாள். வாயில் ஊசியோடு அப்படியே நின்றாள்.

"நாலு மணி நேரம்!" என்றாள். அப்புறம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தேய்மானம் பார்த்தாள். "பெட்டியைத் தூக்கி எறிஞ்சிருக்கார் பாரு. பாவம், பெட்டின்னாலே வெறுத்துப்போச்சு. இவருக்குச் சண்டைதான் சரி."

மறுநாள் காலையில் 'கணக்குப்பிள்ளை' போய் 'சண்டைக்காரி' வந்தாள். அன்று மதியமும் நான் ஆடினேன். அதைப் பார்த்து ஆட்டத்தை மாற்றினாள். மறுபடி ஆடினேன், மறுபடி மாற்றினாள். ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிட அமோகமாக இருந்தது. ஐந்தாவது ஆட்டம் எனக்காகவே யாரோ செய்தது மாதிரி இருந்தது.

அம்மாவிடம் வந்து சித்தி பூரித்துப்போனாள். "அக்கா, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அவருக்குள்ளே இப்படி ஒரு குறும்பு இருக்குன்னு தெரியவே தெரியாதே! ஒரு கிரகத்துக்கு மூக்குச்சளின்னு பேர் வச்சிருக்கார்." அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு. தோத்து ஓடி வரும்போதுகூட, பின்தங்கின கப்பலை அவர் விட்டுட்டு வர்றதில்லை அக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆனால் வீட்டில் சித்தப்பா மாறவே இல்லை. "எப்படிங்க இருக்கு புது ஆட்டம்?" என்று கேட்டால், "ம்". "முந்தினது பிடிச்சிருந்ததா?" என்றால், "ம்ஹூம்". சித்திக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. பதினோரு வருடத்தில் ஒரு கால்கூடத் தப்பாத கணக்கு, சொந்த வீட்டில் தப்புகிறது. பட்டனைத் தலைகீழாகத் தைத்தாள். நர்ஸ் அக்காவின் கம்ப்யூட்டரில் 'சண்டைக்காரி'யைப் போட்டுவிட்டு, அவள் பதறிக்கொண்டு எழுந்து வந்தபோது, "ஒருநாள் யாரையாவது கொன்னுதான் பாரேன்" என்று எரிந்து விழுந்தாள். அப்புறம் மன்னிப்புக் கேட்டாள், அதையும் கோபமாகவே.

ஏழு ஆட்டம், நாற்பத்தோரு மணி நேரம். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்ற நிலையில், வியாழக்கிழமை காலை சித்தி கடிதத்தை எடுத்துவந்து ஒன்பதாவது மேசைமேல் பட்டென்று வைத்தாள். டாக்டரும் நர்ஸ் அக்காவும் இருக்கிறார்கள் என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போடுங்க."

"வராதுன்னு சொன்னேன்ல."

"எது வராது? நாப்பத்தோரு மணி நேரம் இதே திரையில உக்காந்து ராஜ்ஜியம் பண்ணியிருக்கீங்க! அதுக்கு வந்த கை இதுக்கு வராதா?"

"யாரு? நானா?"

"இல்லை, உங்க ஒண்ணுவிட்ட மாமா!"

"நான் இதைத் தொட்டதே ஒரே ஒரு நாள்."

"பொய் சொல்லாதீங்க. தேய்மானம் பார்த்திருக்கேன்."

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்?" சித்தப்பாவின் குரலும் ஏறியது. "முதல்ல ஒண்ணு வச்சே. ஒரு வாரம் வெறுமனே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் காலையில கொஞ்சம் தொட்டேன். சரி, நாளைக்கு மிச்சத்தைப் பார்க்கலாம்னு வந்தா அது இல்லை, டமால் டுமீல்னு எதையோ மாட்டி வச்சிருந்தே. சொல்லாமக் கொள்ளாம எடுத்தது நீ. சரி, நமக்கில்லைன்னு விட்டுட்டேன்."

ஐந்து மாதமாகச் சேர்த்துவைத்த எழுத்துகளெல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. டாக்டர் ஒரு சூரியனை அணைக்கப் போனவர், கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"வாலு. நில்லு அங்கேயே" என்றாள் சித்தி, திரும்பாமலே.

மௌஸை நுனி விரலால் பிடித்து, 'கணக்குப்பிள்ளை'யைத் திறந்தாள். சேவ் பட்டியலில் புதியது மேலே, பழையது கீழே. மேலே கிடந்தது என்னுடைய அழுகின தக்காளி. அவள் அன்றைக்கு அதற்குக் கீழே பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். எட்டாம் நாள் காலைத் தேதியில், பத்தொன்பது நிமிடத்துக்கு, ஒன்றே ஒன்று கிடந்தது.

அதில் புதுக் கிரகம் இல்லை. ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை. ஒரே ஒரு சரக்குக் கப்பல், அதன் மேல் பெட்டிகள். கனமானவை கீழே, லேசானவை மேலே, ஒன்றின் மூலை இன்னொன்றின் மூலைமேல் தப்பாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும், வரிசை முழுக்க, ஒரு பெட்டி அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இது ஏங்க காலியா இருக்கு?"

சித்தப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். "அது காத்தடிக்கிற பக்கம். அந்தப் பக்கம் அடைச்சு அடுக்கினா கப்பல் சாயும்."

நர்ஸ் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, விண்வெளியில காத்து கிடையாதே."

"இருக்கட்டும்மா. கப்பல்னா காத்தும் இருக்கும்."

சித்தி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். என் குப்பைக்கு அடியில் அந்தப் பத்தொன்பது நிமிடம் இத்தனை நாளாகக் கிடந்திருக்கிறது. அவள் முதல் தடவையே சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள். காலுக்குச் செருப்பு ஒட்டுகிற நேரத்தில் நான் போய் அதைக் கழற்றியிருக்கிறேன்.

சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். இரண்டு பெட்டிகளை நகர்த்தினார். "இப்படியா ஒருத்தன் கொக்கி வைப்பான்? முட்டாப்பய" என்றார். இன்னொன்றை நகர்த்தினார். "படம் வேற மங்கலா இருக்கு. கண்ணு போயிடும்." அரைமணி நேரம் திட்டிக்கொண்டே அடுக்கினார். டாக்டர்கூட எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். "பின்னாடி நிக்காதீங்க சார், கூசுது" என்றார் சித்தப்பா.

பிறகு, கண்ணை எடுக்காமலே சித்தியிடம் கேட்டார்: "அங்கே திரை இதைவிடப் பெரிசா இருக்குமா?"

"இருக்குமாம்."

"ம்" என்றார். பழைய 'ம்' இல்லை இது. இடது கையால் மேசையைத் தடவினார், பேனாவுக்காக. சித்தி எடுத்துக் கொடுத்தாள்.

எல்லோரும் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இரண்டு படி இறங்கிவிட்டேன்.

"வாலு."

நின்றேன்.

"அந்தத் தக்காளி, மூக்குச்சளி, அதெல்லாம் எந்தக் குரங்குக்கும் வரும்டி. அதை வச்சு நான் கண்டுபிடிச்சிருக்க முடியாது. சித்தப்பாதானோன்னு ஏமாந்தேன்." வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, என் காலில் கிடந்த செருப்பையே பார்த்தபடி பேசினாள். "ஆனா தக்காளிக்கு அப்புறம் வந்த ஆறு ஆட்டத்துலயும் ஒரே இடத்துல தேய்ஞ்சிருக்கு. படை தோத்து ஓடுது. பின்னாடி ஒத்தைக் கப்பல் நின்னுபோச்சு, அதுல நாலே நாலு பேரு. அதுக்காக மொத்தப் படையையும் திருப்பிக்கிட்டு வந்து அடி வாங்கிச் சாகுது ஒரு கழுதை. ஆறு தடவை. பெரிய கல்நெஞ்சக்காரி மாதிரி திரியறியே, இதுக்கு என்னடி சொல்றே?"

"போரடிச்சது" என்றேன்.

"அடிக்கும், அடிக்கும்" என்றாள் சித்தி, கையை நீட்டி. "சாவியைக் குடு."