திறந்த மூலம், முழு விடுதலை

இன்று மதியம் ஒரு பெரியவர் கடைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, "டாக்டர் எப்ப வருவாரு சார்?" என்றார்.

"இது பாத்ரூம் சாமான் கடை சார்" என்றேன்.

போனை நீட்டினார். என் கடை வெப்சைட்தான். வரிசையாக டாய்லெட் படங்கள். அடியில், போன வாரம் வெப்சைட்டை ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு மாற்றிய பெருமையில் நானே தமிழில் எழுதிப் போட்ட வரி:

"திறந்த மூலம். குறைந்த செலவு. முழு விடுதலை."

மனுஷன் மூல வியாதி என்று படித்துவிட்டார்.

"எங்க அபார்ட்மென்ட் குரூப்ல வேற போட்டுட்டேனே சார். சாயந்திரம் நாலஞ்சு பேர் வராங்க."

முடிச்சூர் ரோட்டில் இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் என்னாவது?

பழைய வெப்சைட்டாக இருந்தால் ஒரு எழுத்தை மாற்றவும் அதைச் செய்து கொடுத்த கம்பெனியைக் கெஞ்ச வேண்டும். சாவி அவர்களிடம்தான் இருக்கும். இப்போது கல்லாவில் உட்கார்ந்தபடியே போனில் அந்த வரியைத் தூக்கிவிட்டேன்.

"பாத்தீங்களா சார், யாரையும் கேக்க வேணாம். இதான் ஓப்பன் சோர்ஸ்" என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். "நல்லதுதான். அப்ப வலிக்கு?"

உட்கார வசதியான வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றைக் காட்டினேன். வியாபாரி வேறென்ன செய்வான்? தடவிப் பார்த்துவிட்டு, "குரூப்ல கேட்டுச் சொல்றேன்" என்று கிளம்பினார்.

ஓப்பன் சோர்ஸுக்கு வேறு தமிழ்ச் சொல் தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள். வியாதி இல்லாத சொல்லாக இருக்கட்டும்.