நகத்து மருதாணி

எனக்கு முதலில் தங்கிய பிள்ளை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கூடையோடு சரிந்த என்னைத் தாங்கிக் கூட்டிவந்தவர் மாமியார்தான். அடுத்த பிள்ளைக்கு ஆசைப்படுமுன் டவுன் ஆஸ்பத்திரியில் காட்டி, உடம்பில் இரத்தம் போதுமா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் தோட்டத்து டாக்டர் ஐயா.

அன்றே மாமியார் என் கணவரின் பாயைச் சுருட்டி, எங்கள் ஒற்றை அறை லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் போட்டுவிட்டார். அந்தக் குளிரில் மனிதர் கம்பளிக்குள் முனகிக்கொண்டு கிடந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு என்னைத் தயார் செய்த விதம் கல்யாணத்துக்குக் குறைவில்லை. முதல் நாள் மாலையே விரல்களுக்கெல்லாம் மருதாணி. காலையில் முகம் நிறைய மஞ்சள், கண்ணில் அப்பிய மை, ஹட்டன் பஸ்ஸில் குமட்டாமலிருக்க வாயில் வெற்றிலை. தோட்டத்துப் பெண் என்றால் இளப்பமாகப் பார்ப்பார்கள், என் மருமகள் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களவர், தமிழும் ஓரளவு பேசுவார். நகத்தைப் பார்த்தார், சிவப்பு. நாக்கை நீட்டச் சொன்னார், அது அதைவிடச் சிவப்பு. முகத்தைப் பார்த்துவிட்டுக் காமாலையோ என்று சந்தேகப்பட்டார். இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற இடமெல்லாம் மாமியார் முந்திக்கொண்டு பூசி வைத்திருந்தார். கடைசியில் நர்ஸ் பஞ்சால் மையைத் துடைக்க, டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அங்கே மட்டும் மாமியார் கைபடவில்லை. வெளுத்துக் கிடந்தது.

வெறுங்காலோடு மலையில் நடந்ததில் வயிற்றில் புழு சேர்ந்து இரத்தத்தைக் குடிக்கிறது என்று சொல்லி, பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். பிள்ளைக்கு எப்போது என்று மாமியார் தயங்கிக் கேட்டார். இந்த மருதாணி வளர்ந்து போகட்டும், நகத்தின் சொந்த நிறத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மாமியார் அழுதுவிட்டார்.

"ஒன்ன அழகா காட்டணும்னு நெனச்சேன் தாயி. நோவ மறைச்சுப்புட்டேனே."

பெற்றவளிடம்கூட வராத ஒரு பிரியம் எனக்கு அப்போது அவர்மேல் வந்தது.

அதன்பின் வேலை விட்டு வந்ததும் என் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்றாலும் விடமாட்டார். மருதாணி மெல்ல மெல்ல நக நுனிக்கு நகர்ந்தது. என் கணவரும் எட்டிப் பார்த்து, "இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்பார். மாமியார் முறைத்தால் இஸ்தோப்புக்குப் போய்விடுவார்.

மருதாணி முழுக்கப் போனபின், பூச்சு எதுவுமில்லாமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நகம், நாக்கு, இமை எல்லாம் பார்த்தார். இனிப் பயமில்லை என்றார்.

அன்று சாயந்தரம் மாமியார் மகனுடைய பாயை உள்ளே கொண்டுவந்து போட்டார். பிறகு தன் பாயையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு நடந்தார். அங்கே குளிருமே அத்தை என்றேன்.

"பேரப்புள்ள வந்து கூப்புடட்டும், உள்ள வாரேன்" என்றார்.