கரிக் காருக்கு ஊதின காற்று

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபிறகு தூத்துக்குடியில் பல கார்கள் கரியில் ஓடின. வண்டிக்குப் பின்னால் ஓர் இரும்பு உலை இருக்கும். அதில் சிரட்டைக் கரி கனன்று, அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். என் தங்கச்சி மாப்பிள்ளையின் சின்ன இங்கிலீஷ் காரைக் கரிக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். மாப்பிள்ளை அந்தக் காரில் திருச்செந்தூருக்குச் சவாரி அடித்துப் பிழைத்தார்.

கரியில் ஓடினால் வண்டிக்குப் பாதி உயிர்தான். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். எப்படியோ பெட்ரோல் கிடைத்த இன்னொரு சவாரிக்காரன் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும், "ஏலே, அடுப்பைக் கட்டி இழுத்துக்கிட்டு வாரான் பாரு, சோறு வெந்துட்டான்னு கேளு" என்றான். மாப்பிள்ளை சிரித்து மழுப்பிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உப்பளத்து நேர் ரோட்டில் அரை மைல், யார் முந்துகிறார்கள் பார்ப்போம் என்று நானே பந்தயம் கட்டினேன். ஓட்டப் போகிறவன் நானில்லையே, வாய் நீளத்தானே செய்யும்.

அது கந்த சஷ்டி விரத நாட்கள். கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தையில்லை என்று தங்கச்சியும் மாப்பிள்ளையும் சேர்ந்தே விரதம் இருந்தார்கள், பாலும் பழமும் மட்டும். மழைக்காலமாதலால் உப்பளத்தில் வேலையில்லை, ரோடு வெறிச்சென்று கிடந்தது.

பட்டறையில் கிடந்த பெரிய காற்றாடி ஒன்றை எடுத்து, எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றவிட்டு, உலைக்குள் காற்றை அடித்துத் தள்ளினேன். கரி ஜொலித்தது. வாயு நெருக்கியடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் போனது. சின்னக் கார் அப்படி ஒரு சீறல் சீறி நான் கேட்டதில்லை. குழாய் மூட்டுகளில் சுற்ற ஆஸ்பெஸ்டாஸ் கயிறு யுத்தத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. நான் உடன்குடிக்காரன். எங்கள் வீட்டுச் சுவர் கருப்பட்டியும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியது, ஆணி இறங்காது. அதே மாதிரி குழைத்து மூட்டுகளில் அப்பினேன். காய்ந்து கல்லாக இறுகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை இறங்கி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "தலை ரெண்டாப் பிளக்கு மச்சான்."

"விரதம்லா மாப்ள. வெறும் வயித்துல அப்படித்தான் இருக்கும். ராத்திரி ரெண்டு டம்ளர் பால் கூடக் குடியும்."

அவரை வீட்டில் விட்டபோது தங்கச்சியிடமும் அதையே சொன்னேன். பால் ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நானுந்தான விரதம் இருக்கேன்ணே? எனக்குத் தலை வலிக்கலையே."

"ஏளா, நீ வீட்டுக்குள்ள இருக்கே, அவரு வெயில்லயும் மழையிலயும் அலையுதாரு" என்று சிரித்தேன். அவள் திரும்பிப் பாலை ஆற்றத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் வாடைக் காற்றும் தூறலுமாக இருந்தது. எதிராளி வரத் தாமதம். உலை அணையக் கூடாதென்று எஞ்சினை நிறுத்தாமல் காற்றாடியைச் சுற்றவிட்டேன். மாப்பிள்ளை உள்ளேயே இருந்தார். "கண்ணாடியை ஏத்திரும் மாப்ள, காத்துப் பிடிச்சா வேகம் குறையும்" என்றேன். நான் சொன்னதாலேயே ஏற்றினார்.

நான் துண்டை வீசினதும் இரண்டு காரும் பாய்ந்தன. ஓலை மூடின உப்புக் குவியல்தான் எல்லை. நம் கார் ஒரு வண்டி நீளம் முந்திப் போய் அதைத் தாண்டியது. ஸ்டாண்டு ஆட்கள் விசிலடித்தார்கள். தாண்டின கார் வேகம் குறைந்து, ஓரமாகச் சாய்ந்து பாத்தித் தண்ணீரில் இறங்கி நின்றது. நான் துண்டைச் சுழற்றிக் கத்திக்கொண்டு அரை மைலும் ஓடினேன். கதவைத் திறந்தபோது அவர் ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. ஜெயித்த சந்தோஷம் என்றே நினைத்தேன். தோளைத் தட்டி, "மாப்ள, அடுப்பு ஜெயிச்சிட்டுவே" என்றேன்.

உயிர் போனது கரி வாயுவால், முகம் அப்படிச் சிவந்ததும் அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மணமில்லை. எஞ்சின் உறிஞ்சும் வரைக்கும் மூட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும், யாருக்கும் கெடுதலில்லை. நான் ஊதத் தொடங்கியதும் அந்த ஓட்டை வழியாகவே விஷம் வெளியே வந்தது. பிறகு போய்ப் பார்த்தேன். அவர் சீட்டுக்குக் கீழே இருந்த மூட்டில் கருப்பட்டி கருகிப் பாளம்பாளமாக வெடித்திருந்தது. சுவருக்கு உலைச்சூடு கிடையாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை என்னையே வைதுகொள்கிறேன்.

தங்கச்சி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. என் வீட்டோடு வந்து இருந்தாள்.

அடுத்த வருஷம் சஷ்டி வந்தபோது மறுபடியும் விரதம் இருந்தாள். இனி எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் ஷெட்டிலிருந்து வந்து உட்கார்ந்ததும் காப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை அவளுக்கு. அவளாகத்தான் சொன்னாள்.

"இன்னைக்கும் எனக்குத் தலை வலிக்கலைண்ணே."