பயத்தைப் பயம் என்று சொன்னவர்

அன்னலட்சுமி அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி, யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு வந்த காலை வள்ளத்தோடு வந்து இறங்கியது. சோளகக் காற்று எழும்பி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாய்க் கிடந்த காலை. வள்ளக்காரர் எங்கள் படலை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன பின்பும், கனவில் கேட்டதுபோலவே இருந்தது. அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா கல்கத்தாவில் மனோதத்துவம் படித்தவர். சிறுபிள்ளைகளுக்குப் பயம் எப்படி வருகிறது, அதைத் தாய் தகப்பன் எப்படி வளர்க்கிறார்கள், எப்படித் தணிக்கிறார்கள் என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதற்காகக் கிழமைதோறும் கடல் தாண்டி வந்து, கரம்பொன், நாரந்தனை, சரவணை என்று வீடு வீடாய் ஏறி இறங்கினார். "கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, எங்களுக்குப் பிள்ளை வளக்கச் சொல்லித்தர வந்திட்டா" என்று ஊரிலே நையாண்டி செய்தார்கள். காதில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே அடுத்த படலையைத் திறப்பார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் மகள் திரேசாவுக்காக. அப்போது அவளுக்கு ஏழு வயது. மீன்பிடிக்கப் போன தகப்பன் ஒரு மாரிப் புயலில் அகப்பட்டு மறுநாள்தான் கரை சேர்ந்தார். அன்று தொடக்கம் நான் கண்ணுக்கு மறைந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், சாப்பிட்டதெல்லாம் சத்தியாய் வெளியே வரும். பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. நூல் கட்டினோம், சுவாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிப்பித்தோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை. பிள்ளை இப்படியே வீட்டுக்குள் அடைந்து வீணாய்ப் போய்விடுவாளே என்று நான் உருகினேன்.

அக்கா முற்றத்தில் பாய் போட்டு இருப்பார், அதிகம் பேசமாட்டார். வெயில் பனைகளுக்குள் சாய்ந்து, கடற்காற்றில் பொழுதே கண்ணயர்ந்ததுபோன்ற பின்னேரங்கள் அவை. அவர் பிள்ளையைவிட என்னையே கூடுதலாகப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்கள் பிள்ளையைப் பாக்க வந்தனீங்களோ, என்னைப் பாக்க வந்தனீங்களோ?"

"ரெண்டு பேரையும்தான்" என்றார் அமைதியாக. "பிள்ளையிட்டை 'ஒண்டுமில்லை, பயப்பிடாதை' எண்டு சொல்லேக்கை நீர் ஏன் கடலைப் பாக்கிறீர்? பிள்ளை உம்மடை வாயைக் கேக்கேல்லை. கண்ணைத்தான் பாக்குது."

நான் கடலிலிருந்த கண்ணைப் பிள்ளையிடம் திருப்பினேன்.

"பயமெண்டால் பயமெண்டே சொல்லும். சொல்லிப்போட்டு, செய்யிற வேலையைச் செய்யும். பிள்ளை பாக்கட்டும்" என்றார் அக்கா.

அன்று கடல் இருண்டு வரும்போது, "கடலுக்குப் போன ஐயா இன்னும் வரேல்லை, அம்மாவுக்குப் பயமாய்க் கிடக்கு. நான் உலை வைக்கப் போறன்" என்றேன். திரேசா என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "எனக்கும்தான் பயம்" என்று சொல்லி, குசினிக்குள் வந்து அரிசி களைந்து தந்தாள். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. கிணற்றடிவரை, வாசல் ஒழுங்கை திரும்பும் முடக்குவரை, பிறகு பள்ளிக்கூடப் படலைவரை என்று அவள் தனியே போகப் பல மாதம் பிடித்தது. இடையில் பின்வாங்கியும் போனாள். அக்கா அவசரப்படவில்லை, எங்களையும் அவசரப்பட விடவில்லை.

அக்காவுக்கே கடல் என்றால் நடுக்கம் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. கண்ணை மூடி, வள்ளத்து விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டே வருவாராம். வள்ளக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். உண்மையோ என்று அவரிடமே கேட்டேன்.

"ஓம், பயம்தான். ஒவ்வொருக்காலும் பயம்தான்" என்றார். "எண்டாலும் வந்தனான்தானே."

உலகச் சண்டைக் காலத்தில் அரிசிக்கு வரிசையில் நின்ற நாள்களிலும் அவர் வருவதை நிறுத்தவில்லை.

செய்தி வந்த அன்றே செத்தவீட்டுக்குப் போக வேண்டும் என்று திரேசா வெளிக்கிட்டாள். இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. தகப்பன் காய்ச்சலில் கிடந்தார், அவரை விட்டு நான் கூடப் போக வழியில்லை. காற்றோ கூடிக்கொண்டிருந்தது. போகாதே என்ற சொல் நாக்குநுனிவரை வந்தது.

"எனக்குப் பயமாய்க் கிடக்கு, பிள்ளை. போயிட்டு வா" என்றேன்.

"ஓம் அம்மா" என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். பாய் விரிந்தது. வள்ளம் கடலும் வானமும் கலந்த அந்தச் சாம்பல் நிறத்துக்குள் மெல்லப் போனது. ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பாள், கை காட்டலாம் என்று துறையில் காத்து நின்றேன். அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணோடு கதைத்துக்கொண்டே போனாள். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவுக்குச் சந்தோஷமாயும் இருந்தது.

அக்கா, உங்களை வழியனுப்ப என் மகள் தனியே வருகிறாள். போய் வாருங்கள்.